கதவுக்கு உள்பக்கம்

நாடகக் குழுவில் அவளைக் கத்திரி என்றுதான் சொல்வார்கள். யார் எழுதிக் கொண்டுவந்த நாடகமானாலும் முதல் வேலையாக அதில் பாதி வசனத்தை வெட்டிப் போட்டுவிடுவாள் என்பதால் வந்த பெயர். வயதில் சின்னவர்கள் மரியாதைக்காக ஓர் அக்காவைச் சேர்க்கப் போய், கத்திரி அக்கா நாளடைவில் கத்திரிக்கா ஆகிவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "காய்கறின்னே கூப்பிடுங்க, ஆனா வசனத்தை மனப்பாடம் பண்ணிட்டு வாங்க" என்பாள்.

அப்படிப்பட்டவளுக்கு, வெட்டுவதற்கு வசனமே இல்லாத ஒரு கதை வந்து மாட்டியது. வந்து மாட்டியது என்று சொல்வதும் நியாயமில்லை. அவளாகத் தேடிப் போய் மாட்டிக்கொண்டாள்.

அது ஒரு பழைய சினிமா. பாட்டு, சண்டை எதுவும் கிடையாது. வெளிநாட்டு விழாக்களில் பரிசு வாங்கியது. உள்ளூரில் ஒரே வாரத்தில் தியேட்டரை விட்டுத் தூக்கிவிட்டார்கள். பார்த்த கொஞ்சம் பேர் அதை மழைப்படம் என்று சொல்வார்கள். நினைவு தப்பிப் போன ஓர் அப்பா, அவரோடு இருந்து பார்த்துக்கொள்ளும் மூத்த மகள், சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகன், அவ்வளவுதான் ஆட்கள். கடைசியில் மகன் அப்பாவைப் பார்க்க வருகிறான். கதவைத் தட்டுகிறான். அக்கா திறப்பதில்லை. மழை கொட்டுகிறது. பத்து நிமிஷத்துக்கும் மேல் காமிரா அந்த மூடிய கதவையும் நனைகிற முதுகையும் மட்டும் பார்த்துக்கொண்டே இருக்கும். பிறகு அவன் திரும்பி நடப்பான். படம் முடிந்துவிடும்.

கத்திரி அதைக் கல்லூரிப் பருவத்தில், பாதி நாற்காலி காலியாகக் கிடந்த ஒரு சின்ன அரங்கில் பார்த்தாள். வெளியே வந்து பஸ் ஏறியவள் இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கடைசி நிறுத்தம்வரை போய், டிரைவர் தட்டி எழுப்புவது போலக் கூப்பிட்ட பிறகுதான் சுய நினைவு வந்தது. ஒன்றும் பேசாமலேயே மனிதர்களைப் பற்றி இத்தனை சொல்ல முடியுமா என்ற அந்த ஒரு வியப்புதான் அவளை நாடகத்துக்குள் கொண்டுவந்து தள்ளியது. அந்தப் படத்துக்குத் தான் ஏதோ திருப்பிச் செய்ய வேண்டும் என்று நாற்பது வயதுக்குப் பிறகும் அவளுக்கு இருந்துகொண்டே இருந்தது. அதனால்தான் அதை மேடைக்குக் கொண்டுவரக் கிளம்பினாள்.

படத்தை எடுத்தவருக்கு எழுபது வயதுக்கு மேல். படக்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். அனுமதி கேட்டுப் போனபோது அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். "எடுத்துக்கம்மா. ஆனா என்னை ஒண்ணும் கேக்காதே." இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததில் கத்திரிக்குத் தலைகால் புரியவில்லை. திரும்பும் வழியில் குழுவுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக்கொண்டு போனாள்.

சிக்கல் ஒத்திகையில் ஆரம்பித்தது.

ஒத்திகை நடந்தது ஒரு பழைய அச்சகத்தின் மாடியில். காற்றாடிகள் சுற்றும்போது கடகடவென்று சத்தம் வரும் என்பதால் அவற்றை நிறுத்திவிட்டு வியர்வையோடுதான் வேலை பார்ப்பார்கள். தம்பியாக நடிக்கிறவனுக்கு உயரத்தால் நெட்டை என்று பெயர். அக்காவாக நடிக்கிறவள் மைனா. குரல் அத்தனை சின்னது. "உங்க வசனம் எங்களுக்குக் கேக்கவே இல்ல" என்று கடைசி வரிசைக்காரர்கள் அவளிடம் குறைசொல்லாத நாடகம் கிடையாது. பேச்சு அதிகம் இல்லாத பாத்திரம் என்றதும் மைனா ஒரு நிம்மதிப் பெருமூச்சுகூட விட்டாள்.

மேடை நடுவில் ஒரு கதவை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். சுவர் இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் வாசல், அந்தப் பக்கம் வீட்டுக் கூடம். பார்க்கிறவர்களுக்கு இரண்டு பக்கமும் தெரியும். நெட்டை வந்து தட்டினான். நின்றான். அந்தப் பக்கம் மைனா நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையைப் பிடித்தாள், விட்டாள். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினாள்.

"கத்திரிக்கா, ஒரு சந்தேகம். இவன் வெளிய நிக்கறான், சரி. நான் உள்ள என்ன பண்ணிட்டு இருக்கேன்?"

கத்திரி அந்தப் படத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். இந்தக் கேள்வி அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. காமிரா வெளியே நின்றது. அதனால் அவளும் வெளியே நின்றுவிட்டாள்.

"சும்மா நில்லு" என்றாள்.

"சும்மா நின்னா அந்தம்மா கல்லு மாதிரி தெரியுறாங்க. கல்லுக்கும் இவனுக்கும் என்ன சண்டை?"

நெட்டை சிரித்துவிட்டான். கத்திரிக்குச் சிரிப்பு வரவில்லை. சுவர் எழுப்பி மைனாவை மறைத்துப் பார்த்தார்கள். மறைத்ததும், சினிமாவில் மூச்சைப் பிடித்துக்கொள்ள வைத்த அந்தப் பத்து நிமிஷம் மேடையில் பல் வலி மாதிரி ஆகிவிட்டது. நெட்டையின் முதுகை எத்தனை நேரம்தான் பார்ப்பது? சுவரை எடுத்தால் மைனாவின் கேள்வி திரும்ப வந்து நின்றது. ஒரு வாரம் முட்டி மோதிப் பார்த்துவிட்டு, கேட்கக் கூடாது என்று சொன்னவரிடமே போய் நின்றாள் கத்திரி.

படக்காரர் தனியாகத்தான் இருந்தார். இரண்டே அறை. பரிசுக் கேடயங்கள் எதுவும் கண்ணில் படவில்லை. இஸ்திரி மேசை ஒன்றுதான் கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. தன் சட்டைகளைத் தானே தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சார், கேக்கக் கூடாதுன்னு சொன்னீங்க. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அந்தக் கதவுக்கு உள்ள அக்கா என்ன பண்ணிட்டு இருக்காங்க?"

இஸ்திரிப் பெட்டி ஒரு காலரின் மேல் நின்றது. கருகிவிடுமோ என்று கத்திரி பயந்தாள். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"தெரியாது."

"நீங்க எழுதினதுதானே, சார்?"

"எழுதினதா இருந்தா தெரிஞ்சிருக்கும். நான் வெளியதானேம்மா நின்னேன்."

அவரே சொன்னார். அப்பா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தகரப் பட்டறை, எப்போதும் டமடமவென்று சத்தம். அவர் தட்டிவிட்டு நின்றார். உள்ளே இருந்து ஒரு சத்தம் வரவில்லை. ஒரு இருமல்கூட இல்லை. கூப்பிட்டும் பார்த்தார். அப்புறம் போய்விட்டார். கொஞ்ச நாளில் அப்பா இறந்துவிட்டார் என்று ஆள் மூலம் தகவல் வந்தது. போனார், கூட்டத்தோடு கூட்டமாக நின்றார், வந்தார். அடுத்த வருஷம் படம் எடுத்தார். அக்காவோடு பேச்சு அன்றோடு சரி.

"அக்கா உள்ள என்ன பண்ணினான்னு நான் யோசிக்காத நாள் இல்ல. யோசிச்சும் தெரியாததால்தான் காமிராவை வெளிய வச்சேன். அதை எல்லாரும் பெரிய கலைன்னு சொல்லிட்டாங்க." சட்டையை உதறி மடித்தார். "அவளையே கேளு. நான் கேட்டா பதில் வராது."

"எங்க இருக்காங்க, சார்?"

"நீச்சல் குளத்துல. போனா நீ தேட வேண்டாம். சத்தம் கேக்கும்."

அவர் சொன்னது அப்படியே பலித்தது. பொது நீச்சல் குளத்தின் வெளிக் கதவைத் தாண்டும் முன்பே ஒரு குரல் வந்து காதில் அறைந்தது. "மஞ்சத் தொப்பி! காலை அடிக்கச் சொன்னா கையை அடிக்கறீங்களே! தண்ணி உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" குளத்தின் ஓரத்தில் டிராக் சூட் போட்டு, கழுத்தில் விசில் தொங்க, நல்ல வாட்டசாட்டமாக ஓர் அம்மாள் நின்றாள். தண்ணீருக்குள் நடுவயதுக்காரர்கள் வரிசையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே எல்லோரும் அவளை விசிலக்கா என்றார்கள். அந்தத் தொண்டைக்கு விசில் எதற்கு என்பதுதான் கத்திரிக்குப் புரியவில்லை.

படத்தில் வரும் அக்கா ஒல்லியாக, வெளிறிப்போய், நிழல் மாதிரி நடப்பவள். கத்திரி ஒருமுறை விலாசம் தவறிவிட்டதா என்றுகூட யோசித்தாள்.

"மழைப்படத்தை நாடகமாப் போடறோம், அம்மா" என்று தொடங்கினாள்.

"அம்மான்னு கூப்பிட்டு என்னைக் கிழவியாக்காதே. அக்கான்னு கூப்பிடு. அவனா அனுப்பினான்?"

"நானாத்தான் வந்தேன், அக்கா. உங்களைக் கேக்கச் சொன்னது அவருதான்."

"ஏன், அவனுக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?" தண்ணீர்ப் பக்கம் திரும்பி, "யாரு அங்க கம்பியை விட்டது?" என்று ஒரு அதட்டுப் போட்டுவிட்டுத் திரும்பினாள். "நீ அந்தப் படத்தைப் பாத்தியா? பாத்துட்டு என்னைத் திட்டினியா?"

"திட்டினேன், அக்கா."

"நல்லாத் திட்டினியா?"

"நல்லாத்தான் திட்டினேன்."

"பரவால்ல, நெசத்தைச் சொல்றே." விசிலக்கா பெஞ்சில் உட்கார்ந்தாள். "இங்க பாரு. என்னைக் கெட்டவளாக் காட்டினான், போகட்டும். கதவைத் திறக்கலைன்னு காட்டினான், அதுவும் நடந்ததுதான். ஆனா ஊமையாக் காட்டினான் பாரு, அதைத்தான் என்னால பொறுக்க முடியல! ரெண்டு மணி நேரப் படத்துல எனக்கு நாலே நாலு வசனம். அதுலயும் ஒண்ணு 'ம்'. என்னைத் தெரிஞ்சவன் எவனாவது நம்புவானா? அப்புறம் அந்த மழை! அன்னைக்கு மண்டையைப் பொளக்கற வெயில். மழையாம் மழை."

கத்திரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். விசிலக்காவே சிரித்த பிறகு அவளும் சிரித்தாள்.

"படம் வந்தப்ப இங்க வேலை பாக்கறவங்க எல்லாரையும் கூட்டிட்டுப் போனேன். என் தம்பி எடுத்த படம்னு அவ்வளவு பெருமை எனக்கு. திரும்பி வரும்போது பஸ்ல ஒருத்தரும் என் பக்கத்துல உக்காரல." இதைச் சொல்லும்போதும் குரல் இறங்கவில்லை. தண்ணீரில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். "அதுக்கப்புறம் எத்தனை பேர் கேட்டிருக்காங்க தெரியுமா, ஏன் திறக்கலை, ஏன் திறக்கலைன்னு. நீயும் அதைக் கேக்கத்தானே வந்திருக்கே?"

"இல்லக்கா. எங்க குழுவுல உங்க வேஷம் போடற பொண்ணு ஒண்ணு கேட்டா. அதைத்தான் கேக்க வந்தேன். அந்த நேரத்துல நீங்க உள்ள என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

விசிலக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். எழுந்து போய் வகுப்பை முடித்தாள். ஆட்கள் தலையைத் துவட்டிக்கொண்டு கலைந்தார்கள். குளம் அடங்கி, அடியில் பதித்த நீலக் கட்டங்கள் தெரியத் தொடங்கின. அவள் படியில் உட்கார்ந்து இரண்டு காலையும் தண்ணீரில் விட்டுக்கொண்டாள். பக்கத்தில் கத்திரி உட்கார்ந்தாள்.

"இதை இதுவரைக்கும் ஒரு ஆள் கேட்டதில்ல" என்றாள் விசிலக்கா.

அப்பா நாள்கணக்கில் தூங்காமல் இருந்தாராம். சுவர் சுவராகத் தடவிக்கொண்டு, என் வீட்டுக்குப் போகணும், என் வீட்டுக்குப் போகணும் என்று சொந்த வீட்டுக்குள்ளேயே அலைந்தாராம். அன்று மத்தியானம்தான் கூடத்துத் தரையில், கதவுக்கு நேராகப் படுத்துக் கண் அசந்தார். அவர் மூச்சு சீராக வருவதைக் கேட்டு இவளும் அப்பாடா என்று சாய்ந்தபோதுதான் கதவு தட்டுகிற சத்தம்.

"தட்டறதுலயே தெரியும் அவன்தான்னு. அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டாப் போதும், கிறீச்சுன்னு தெருவுக்கே கேக்கும். அப்பா முழிச்சா இவனைத் திருடன்னு நினைப்பாரு. அதுக்கு முந்தின தடவை இவன் வந்தப்ப கைத்தடியை எடுத்து வீசி, இவன் நெத்தியில ரத்தம், அவரு கீழ விழுந்து அவருக்கு ரத்தம். ரெண்டு பேருக்கும் நான்தான் கட்டுப் போட்டேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "இதெல்லாம் சாக்கு, விடு. எனக்குக் கோவம். அதுதான் நெசம். ஆடிக்கொரு தரம் வருவான். வந்து, நீ அப்பாவைச் சரியாப் பாத்துக்கலைம்பான். திறக்கக் கூடாதுன்னுதான் போய் கதவுல முதுகை வச்சு உக்காந்தேன்."

"ஒண்ணுமே பேசலையா, அக்கா?"

"பேசாம இருக்க நான் என்ன படத்துல வர்றவளா? பேசினேன். அப்பா தூங்கறாரேன்னு மெதுவாப் பேசினேன். என் ஆயுசுலேயே நான் மெதுவாப் பேசினது அன்னைக்கு ஒரு நாள்தான்."

என்ன பேசினாள் என்பதையும் அவளே சொன்னாள். அந்தக் குரலை இவ்வளவு தாழ்த்த முடியுமா என்று கத்திரி அசந்து போனாள்.

"'வந்துட்டியா, பாவி. வெயில்ல நிக்காதே, அந்த ஓரமாப் போய் நில்லு. அப்பா இப்பத்தான் தூங்கறாரு. உன்மேல எனக்கு ஆயிரம் கோவம் இருக்கு, இப்ப சொல்ல நேரமில்ல. போய் எங்கயாவது முதல்ல சாப்பிடு. சாப்பிட்டிருக்க மாட்டே, எனக்குத் தெரியும். சாயங்காலம் வா. சாயங்காலம் அவரு கொஞ்சம் தெளிவா இருப்பாரு. நீ யாருன்னு நான் சொல்லி வைக்கறேன்.' இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சாயங்காலம் அவனுக்கும் சேத்து சமைச்சு வச்சேன். வரல. சரி, ரோஷக்காரன், மறுநாள் வருவான்னு பாத்தேன். வரல."

கத்திரிக்கு இஸ்திரி மேசையும், ஒரு இருமல்கூட இல்லை என்று சொன்ன முகமும் கண்முன் வந்தன.

"அக்கா, அவருக்குக் கேக்கல."

"என்ன கேக்கல?"

"நீங்க பேசினது. ஒரு சத்தமும் வரலைன்னு என்கிட்ட சொன்னாரு. பக்கத்துல தகரப் பட்டறையாமே. உள்ள ஆள் இருக்கான்னே தெரியலையாம்."

தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்த விசிலக்காவின் கால்கள் நின்றன. "கேக்கலையா?" என்றாள். பிறகு, "கேட்டுட்டும் வரலைன்னுல்ல நான் நினைச்சிட்டிருந்தேன். நான் சொன்னதை எல்லாம் வேணும்னே வெட்டிட்டு, என்னை ஊமையாக்கிட்டான்னுல்ல நினைச்சேன்." முகத்தைத் துண்டால் துடைத்தாள். அவள் தண்ணீருக்குள் இறங்கவே இல்லை. துண்டு மட்டும் நனைந்தது.

"நீங்களே அவருகிட்ட சொல்லிடுங்க, அக்கா."

"நான் சொன்னாக் கத்துவேன். நான் கத்தினா அவன் கத்துவான். விஷயம் எங்கயோ போயிடும். என் வேஷம் போடறவ இருக்காளே, அவளைச் சொல்லச் சொல்லு. மெதுவாச் சொல்வாளா?"

"அவளுக்கு அது ஒண்ணுதான், அக்கா, நல்லா வரும்."

அன்று வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பியபோது, வழியில் ஒரு மரத்தடியில் நிறுத்தி, கத்திரி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். முன்பின் தெரியாத தன்னை நம்பி ஒரு மனுஷி இத்தனையும் எடுத்துக் கொடுத்துவிட்டாளே என்று நெஞ்சு நிறைந்திருந்தது. கொடுத்ததைக் கீழே போட்டுவிடாமல் கொண்டுபோக வேண்டுமே என்ற கவலையும் இருந்தது.

ஒத்திகை வேறு மாதிரி ஆனது. கதவைப் பக்கவாட்டில் திருப்பி வைத்தார்கள். இடது பக்கம் வெயிலில் நெட்டை. வலது பக்கம், தூங்குகிற அப்பாவுக்கு அருகில், கதவில் முதுகு சாய்த்து மைனா. பட்டறைச் சத்தத்துக்கு ஒருவர் ஓரமாக உட்கார்ந்து தகரம் தட்டினார். மைனா கிசுகிசுக்க வேண்டும். அது கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும். மூன்றடி தூரத்தில் நிற்கும் நெட்டைக்குக் கேட்காதது போல இருக்க வேண்டும்.

"சத்தத்தைக் கூட்டாதே" என்றாள் கத்திரி. "ஒவ்வொரு எழுத்தையும் நறுக்கு நறுக்குன்னு கடிச்சுச் சொல்லு. அப்பா மூச்சு விடற நேரத்துல பேசு, அவரு அசைஞ்சா நிறுத்து."

முதல் நாட்களில் மைனாவுக்கு அழுகைதான் வந்தது. பிறகு ஒரு நாள் கத்திரி மாடியின் கோடியில், படியோரம் போய் நின்றுகொண்டு கேட்டாள். 'போய் முதல்ல சாப்பிடு' என்பது காதுக்குள் வந்து சொன்ன மாதிரி கேட்டது. விசிலக்கா சொன்ன வார்த்தைகளில் ஒன்றைக்கூட அவள் வெட்டவில்லை. குழுவில் அதை ஓர் அதிசயமாகப் பேசிக்கொண்டார்கள்.

படக்காரர் இதை முதல் காட்சியன்று, நூறு பேர் நடுவில் உட்கார்ந்து கேட்கக் கூடாது என்பதில் மட்டும் கத்திரி உறுதியாக இருந்தாள். ஒரு நாள் பிற்பகல் ஒத்திகைக்கு அவரை அழைத்தாள். தேய்த்த சட்டையில் வந்தார். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. நடு வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

"சார், அக்காவைப் பாத்துட்டுத்தான் இதை எழுதினேன். அவங்க சொன்னதுதான். நான் ஒண்ணும் சேக்கல" என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்தாள். அவர் தலையசைத்தார்.

நெட்டை தட்டினான். தகரச் சத்தம் எழுந்தது. மைனா ஓடிவந்து, தாழ்ப்பாளை நோக்கிக் கையை நீட்டி, அப்பாவைப் பார்த்து, கையை இழுத்துக்கொண்டு, கதவில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். பேசத் தொடங்கினாள்.

'சாயங்காலம் வா' என்ற இடத்தில் படக்காரர் எழுந்துவிட்டார். கோபித்துக்கொண்டு போகப் போகிறார் என்றுதான் கத்திரி நினைத்தாள். அவர் மேடைப் பக்கம் நடந்தார். ஏறினார். நெட்டை பதறி விலகி இடம் கொடுத்தான். அவர் கதவின் வெளிப்பக்கத்தில் காதை வைத்து நின்றார்.

"நிறுத்தாதே, சொல்லும்மா" என்றார்.

மைனா கத்திரியைப் பார்த்தாள். கத்திரி தலையை ஆட்டினாள். மைனா மறுபடி சொன்னாள். தகரம் தட்டுகிறவரும் கையை நிறுத்தவில்லை.

"கேக்கல" என்றார் படக்காரர். ஏதோ பெரிய நல்ல செய்தியைச் சொல்வது போலச் சொன்னார். "இங்க நின்னா இப்பவும் கேக்கல. பாத்தீங்களா? அங்க உக்காந்தா கேக்குது, இங்க கேக்கல."

அப்புறம் அவர் செய்ததை அங்கிருந்த யாரும் எதிர்பார்க்கவில்லை. சுவரில்லாத அந்தக் கதவைச் சுற்றிக்கொண்டு உள்பக்கத்துக்குப் போனார். இரண்டு எட்டுதான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்து, மைனாவைப் போலவே கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா. சிரமமில்லைன்னா."

தகரச் சத்தம் நின்றுவிட்டது. மைனா அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். முழுவதையும் சொன்னாள். நெட்டை மேடை ஓரத்தில் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான்.

"எங்க அக்காவா மெதுவாப் பேசினா?" என்றார் அவர் கடைசியில். கன்னம் நனைந்திருந்தது, உதட்டில் சிரிப்பும் இருந்தது. "அவ மெதுவாப் பேசி நான் கேட்டதே இல்லையே. கத்துவாள்னுதானே நின்னேன். கத்தினா திறந்துடுவா, அது எனக்குத் தெரியும். கத்தலையேன்னுதான் போனேன்."

அவர் மைனாவின் தலையில் கையை வைத்தார். எழுந்திருக்க முடியாமல் நெட்டையின் பக்கம் கையை நீட்டினார். எழுந்ததும் சட்டையை நீவிக்கொண்டு கத்திரியிடம், "குளம் எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும்?" என்று கேட்டார்.

அவள் தன் வண்டியிலேயே அவரைக் கொண்டுபோய் விட்டாள். வெயில் இறங்கியிருந்தது. உள்ளே மாலை வகுப்பு. விசிலக்கா யாரையோ மிதக்க வைக்கப் போராடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தவள் தம்பியைப் பார்த்தாள். விசில் வாயிலேயே இருந்தது. மூச்சு மட்டும் அதன் வழியே மெலிதாக ஒரு சத்தத்தோடு போய் வந்தது.

அவர் குளத்தோரமாக நடந்து அவளை நோக்கி வந்தார்.

"செருப்பைக் கழட்டுடா!" என்று ஒரு சத்தம். குளமே திரும்பிப் பார்த்தது. "தரை வழுக்கும். இந்த வயசுல விழுந்து தொலைச்சா யாரு தூக்கறது?"

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். "சாயங்காலம் வரச் சொன்னியாமே" என்றார்.

"எந்தச் சாயங்காலம் சொன்னேன், எந்தச் சாயங்காலம் வர்றே!" என்றாள் அவள். டிராக் சூட்டுக் கையால் அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

கத்திரி சீட்டுக் கொடுக்கும் இடம்வரை பின்வாங்கி வந்து நின்றுகொண்டாள். அங்கே நின்றாலும் பாதி பேச்சு கேட்டது; விசிலக்காவின் பாதி. சாப்பிட்டாயா, ஏன் இப்படி இளைத்துப் போயிருக்கிறாய், அந்த மழை எதற்குடா வைத்தாய் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. கால்மணி நேரத்துக்குள் நெத்தித் தழும்பு வலப்பக்கமா இடப்பக்கமா என்று இருவருக்கும் சண்டையே வந்துவிட்டது. தண்ணீரில் இருந்தவர்கள் தாங்களாகவே நீந்திப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

நாடகம் அரங்கேறியது. பத்திரிகைகளில் நாலு பேர் பாராட்டி எழுதினார்கள். ஒருவர், மூலப் படத்தின் மகத்தான மௌனத்தைக் கத்திரி கெடுத்துவிட்டாள் என்று எழுதினார். படக்காரர் அதைப் படித்துவிட்டு, அவருக்குத் தானே பதில் எழுதப்போவதாகக் கிளம்பினார். பிடித்து நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அக்காவும் தம்பியும் கத்திரியைப் பாடாய்ப் படுத்தியது அதற்குப் பிறகுதான். "தம்பியை இவ்வளவு பாவமாக் காட்டாதே, அவன் கொஞ்சம் திமிரா நிக்கட்டும், நான் அப்படித்தான் நின்னேன்" என்று ஒருவர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "என்னை ரொம்ப நல்லவளாக்கிட்டே, கோவத்தைக் கூட்டு. சாக்கு சொல்றதையும் சேரு, அதுவும் நான்தான்" என்று இன்னொருத்தி தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். இருவர் சொன்னதையும் கத்திரி சேர்த்தாள். சேர்த்தபோது காட்சி இன்னும் நன்றாக வந்தது. விசிலக்கா மைனாவை மாத்திரம் விடவில்லை. "மெதுவாப் பேசறது சரிதான், பொண்ணே. கடைசியில வணக்கம் சொல்ல வரும்போதாவது நல்லாத் தொண்டையைத் திறந்து சொல்லு. மானத்தை வாங்காதே" என்றாள். மைனா குளத்துக்குப் போய் அவளிடம் கத்தப் பழகினாள். குழுவே வேடிக்கை பார்க்கப் போனது.

அடுத்த பருவத்தில் வேறு ஊர்களிலிருந்து அழைப்பு வந்தது. வேனில் மேடைக் கதவைக் கூரை மேல் கட்டிக்கொண்டு விடிந்ததும் புறப்பட்டார்கள். நாங்களும் வருகிறோம் என்று அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு பையோடு வந்து முன்னாலேயே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஊர் தாண்டுவதற்குள், அப்பா கடைசி நாட்களில் எந்தப் பாட்டை முணுமுணுப்பார் என்று பேச்சு வந்து, வாக்குவாதமாகி, இருவரும் ஆளுக்கொரு ராகத்தில் பாடிக் காட்ட ஆரம்பித்தார்கள். இரண்டும் ஒரே பாட்டுதான் என்பது பின்னால் இருந்தவர்களுக்குப் புரிந்துவிட்டது. பாடுகிறவர்களுக்குப் புரியவில்லை.

கத்திரி பின் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். காலைக் காற்று முகத்தில் அடித்தது. எதற்கு, யாருக்கு என்று பிரித்துச் சொல்லத் தெரியாமல், எல்லாவற்றுக்கும் சேர்த்து மனசு நன்றி நன்றி என்றது. கேள்வி கேட்ட மைனாவுக்கு, பதில் தெரியாது என்று ஒப்புக்கொண்ட மனிதருக்கு, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்ன மனுஷிக்கு.

டிரைவர் வழக்கம்போலச் சினிமாப் பாட்டைப் போட்டார்.

"அண்ணே, அதைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் கத்திரி. "இவங்க பாடறது கேக்கல."